நட்சத்திரத்துக்குக் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி

கலியாணப் படம் எடுக்கிறவனுக்குக் கெல்வின் என்பது சோறு போடுகிற சொல். கிளிநொச்சியில் ஸ்ரூடியோ வைத்துப் பதினாலு வருசமாகிறது. மண்டபத்துக்குள் ஒரு பக்கம் ரியூப் லைற், மறுபக்கம் மஞ்சள் சீரியல் பல்ப், மணவறையடியில் குத்துவிளக்கு, இதற்குள் வீடியோக்காரத் தம்பி தூக்கிப் பிடிக்கிற எல்.ஈ.டி. பலகை வேறு. எல்லா வெளிச்சமும் கலந்து விழுகிற இடத்தில் பொம்பிளையின் முகம் பொம்பிளையின் முகமாகவே வரவேண்டும். மஞ்சள் காமாலை பிடித்தமாதிரி வந்தால் அல்பத்துக்குக் காசு வராது. அதற்காகக் கமராவில் ஒரு கெல்வின் இலக்கத்தை ஏற்றி இறக்குவோம்: குத்துவிளக்குச் சுடர் 1,900 மட்டில், பழைய இழை பல்ப் 2,800, பிளாஷ் 5,500, மப்பு மூடின பகல் 6,500.

எங்கட பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவு. போன மார்கழி விடுமுறையில் கடையில் வந்து குந்தியிருந்தவள், நான் ஒரு சாமத்தியவீட்டுப் படத்துக்கு நிறம் திருத்துவதைப் பார்த்துவிட்டு, "அப்பா, உந்த 5,500 எண்டது உண்மையாவே ஒரு வெப்பநிலைதான், தெரியுமே?" என்றாள். எனக்குத் தெரியாது. செருப்பு நம்பர் மாதிரி அதுவும் ஒரு நம்பர் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். நன்றாகச் சூடேறின எந்தப் பொருளும் ஒளி விடும், சூடு கூடக் கூட அந்த ஒளி சிவப்பிலிருந்து மஞ்சளாகி, வெள்ளையாகி, நீலப்பக்கம் போகும், நட்சத்திரங்களுக்கும் இப்படித்தான் காய்ச்சல் பார்க்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினாள்.

ஹார்ட்வெயார் கடையில் 6,500 பல்ப் பெட்டியில் 'கூல்' என்றும் 3,000 பெட்டியில் 'வார்ம்' என்றும் அடித்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது கண்ணுக்குப் படுகிற குளிர்மை. கணக்குப்படி பார்த்தால் தலைகீழ். அதோடு எல்.ஈ.டி. பல்புக்குள் ஒன்றும் 6,500 பாகையில் கொதிக்கவில்லை. நிறம் அந்தச் சூட்டுக்குரிய நிறத்தோடு ஒத்துப்போகிறது, அவ்வளவுதான். பழைய இழை பல்ப் அப்படியில்லை. அதன் நிறமும் சூடும் ஒன்றேதான்.

இந்தக் கதையில் தொடங்கி, கடைசியில் வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் ஒரு கண்ணாடி வாங்கினேன். ஒரு மில்லிமீற்றருக்குள் 100 கோடு கீறின கண்ணாடி. உயர்தரப் பாடப்புத்தகத்தில் இதற்குக் கோணல் நெய்யரி என்று பெயர். கடைக்காரர்கள் கிரேற்றிங் என்கிறார்கள். ஒளியை அரியம் போல நிறம் நிறமாகப் பிரித்துவிடும். சிறு வளையத்துக்குள் பதித்து வருகிறது. ஐம்பது சதக் குற்றியை விடக் கொஞ்சம் பெரிசு. கண்ணாடி, தபால், வரி எல்லாமாக 58,000 ரூபா முடிந்தது. இரண்டு பிறந்தநாள் வீடு எடுத்த காசு.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். கமராவில் பூட்டலாம் என்று விளம்பரத்தில் இருந்தது. பெட்டியைத் திறந்தால், வளையம் தொலைநோக்கியின் கண்வில்லைக்கு அளவானது. கமரா லென்சுக்குப் பூட்ட இடைவளையம் வேண்டும், அது பெட்டிக்குள் இல்லை. கடைக்கு எழுதினேன். பதினொரு நாள் கழித்து, "அது தனியாக விற்கப்படுகிறது" என்று ஒரு வரி வந்தது. அந்த ஒரு வரியை விளம்பரத்தில் போட என்ன கஷ்டம்? இன்னொரு நாற்பது நாள் காத்திருக்க மனமில்லை. லென்ஸ் மூடி ஒன்றை எடுத்து நடுவில் வட்டமாக வெட்டி, வளையத்தை அதற்குள் வைத்து இரட்டைப் பசை போட்டு ஒட்டினேன். அரம் போட்டுத் தேய்த்த தூசு கண்ணாடியில் விழாமல் ஷொப்பிங் பையால் சுற்றிக்கொண்டு செய்த வேலை. பார்க்க அசிங்கம். ஆனால் இறுகி நிற்கிறது, கிளிக்கென்று மாட்டலாம், கழற்றலாம்.

கண்ணாடி மட்டில் குறை சொல்ல முடியாது. கோடு கீறின விதம் சுத்தம். நட்சத்திரம் ஒரு புள்ளியாகவும், அதன் ஒளி ஒரு பக்கமாக இழுபட்ட நிறப்பட்டையாகவும் விழுகிறது. மறுபக்கத்துப் பட்டை மங்கல். வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள், ஒளி வீணாகாமல். 50 மில்லிமீற்றர் லென்சில் ஊதாவிலிருந்து சிவப்பு வரை என்னுடைய கமராவில் கிட்டத்தட்ட 350 புள்ளி (பிக்சல்) நீளம் வருகிறது. ஒரு புள்ளிக்கு ஒரு நானோமீற்றருக்கும் கொஞ்சம் குறைவு. இந்தக் காசுக்கு அது நல்ல பிரிப்பு.

பெப்ரவரி முதல் கிழமை வட்டக்கச்சியில் மாமாவின் வயலுக்குப் போனோம். காலபோக நெல் வெட்டுக்கு நிற்கிற நேரம், இரவில் பன்றிக் காவல். மாமா பரணில். நாங்கள் வரம்பில் முக்காலியை ஊன்றினோம். கிளிநொச்சி டவுனின் வெளிச்சம் அடிவானத்தில் ஒரு வெளிறல், மற்றப்படி கும்மிருட்டு. எங்கட வயதுக்காரருக்கு இரவு வானத்தில் வெளிச்சம் என்றால் முதலில் வருவது சண்டைக் காலத்தில் பரசூட்டில் தொங்கி எரிந்த பரா லைற்றின் ஞாபகம். அதை நாங்கள் அண்ணாந்து பார்த்த ஆட்களில்லை, பங்கருக்குள் குனிந்த ஆட்கள். அது எத்தனை கெல்வினாக இருந்திருக்கும் என்று பிள்ளை கேட்டாள். மக்னீசியம் எரிகிற வெள்ளை என்று சொன்னேன். அதற்குமேல் கணக்குப் பார்க்க மனம் வரவில்லை.

ஒன்பதேகால் மட்டில் திருவாதிரை உச்சிக்கு வந்தது. வன்னியில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு கொடுப்பினை. நாங்கள் நிற்பது வடக்கு அகலாங்கு ஒன்பதரைப் பாகை மட்டில், திருவாதிரை வானத்தில் ஓடுவது ஏழரைப் பாகையில். கழுத்து நோக அண்ணாந்தால்தான் தெரியும். தலைக்கு நேர் மேலே என்றால் இடையில் இருக்கிற காற்றுப் படலம் ஆகக் குறைவு, நிறம் கெடாது. ஐரோப்பாவில் இருக்கிறவனுக்கு இந்த வசதி கிடையாது.

மேலேயிருந்து மாமா, "மருமோன், உந்தப் பெட்டியால என்ன பாக்கிறாய்?" என்றார்.

"திருவாதிரை எவ்வளவு சூடெண்டு பாக்கிறன் மாமா."

"அது சிவபெருமான்ர நட்சத்திரமெல்லோ. நெருப்பாத்தான் இருக்கும்."

இல்லை மாமா, அந்தப் பக்கத்தில் கண்ணுக்குத் தெரிகிறவற்றில் ஆகக் குளிர்ந்தது அதுதான் என்று சொல்லத் தைரியம் வரவில்லை.

சரி, பெட்டியோடு வந்த செய்முறைத் தாளுக்கு வருவோம். என்னுடைய பெரிய முறைப்பாடு அதன் மேல்தான். பட்டையில் எந்த இடம் ஆகப் பிரகாசமோ அந்த அலைநீளத்தை மைக்ரோமீற்றரில் எடுங்கள், அதால் 2,898ஐ வகுங்கள், வருவது கெல்வினில் வெப்பநிலை என்று அதில் போட்டிருக்கிறது. விதி பிழையில்லை. ஜெர்மன் ஆள் வீன் 1893 இல் கண்ட விதி. சூரியனுக்குப் போட்டுப் பாருங்கள்: 2,898ஐ 0.502 ஆல் வகுத்தால் 5,770 சொச்சம், அச்சொட்டாக வரும். நாங்களும் அப்படியே செய்தோம். இரவு வானத்தில் ஆகப் பிரகாசமான நட்சத்திரமான சிரியஸ் 5,500 என்று வந்தது. திருவாதிரை 4,800. ரோகிணியும் 4,900 மட்டில். வெறுங்கண்ணுக்கே சிரியஸ் நீல வெள்ளை, மற்ற இரண்டும் செங்கல் நிறம். கண்ணாடி சொல்கிறது எல்லாருக்கும் ஒரே காய்ச்சலாம்.

"அப்பா, உது பிழை," என்றாள் பிள்ளை, வரம்பில் குந்தியிருந்து ரோச் வெளிச்சத்தில் கொப்பியில் வகுத்துப் பார்த்துவிட்டு. "சிரியஸ் 9,900 கெல்வின். அதின்ர உச்சம் 292 நானோமீற்றரில இருக்கு. அது புற ஊதா. கமராவுக்கு எப்பிடித் தெரியும்?" திருவாதிரைக்குக் கணக்கு மறுபக்கம் போகிறது. 3,500 கெல்வினுக்கு உச்சம் 828 நானோமீற்றரில், அகச்சிவப்பில். அந்த ஒளியை மறைக்கவென்றே கமராவுக்குள் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். கமரா காண்பது 400 தொடக்கம் 700 வரை. உச்சம் அதற்குள் விழ வேண்டுமானால் நட்சத்திரம் 4,150 கெல்வினுக்கும் 7,250 கெல்வினுக்கும் இடையில் இருக்கவேண்டும். நாங்கள் படம் எடுத்த மூன்றும் அதற்கு வெளியே. நாங்கள் கண்ட 'உச்சம்' நட்சத்திரத்தின் உச்சமே இல்லை. கமராவின் பச்சைப் புள்ளிகளோ சிவப்புப் புள்ளிகளோ எங்கே கூடுதலாக உணர்கின்றனவோ அந்த இடம். முகம் வடிவாக வரவேண்டும் என்று செய்த கமரா அது, நட்சத்திரத்துக்கும் அதே முகத்தைத்தான் காட்டுகிறது. கண்ணாடி விற்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்காது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நித்திரையில்லை. விடியப்புறம் பிள்ளை வேறு வழி சொன்னாள், அதற்குக் கண்ணாடியே தேவையில்லை. மூடியைக் கழற்று, வெறும் லென்சால் எடு, நீலப் புள்ளிகளில் விழுந்த ஒளியையும் பச்சைப் புள்ளிகளில் விழுந்த ஒளியையும் ஒப்பிடு. வானியலாளர் செய்வதும் இதுதான். 1953 இல் ஜோன்சனும் மோர்கனும் ஒழுங்குபடுத்தின முறை: நீல வடிகட்டியில் ஒருதரம், மஞ்சள்பச்சை வடிகட்டியில் ஒருதரம், இரண்டு பிரகாச எண்ணுக்கும் உள்ள வித்தியாசம். அதைப் பி கழித்தல் வி என்கிறார்கள். சிரியசுக்கு அது 0.00. சூரியனுக்கு 0.65. ரோகிணிக்கு 1.54. எண் கூடக் கூட நட்சத்திரம் சிவப்பு, சூடு குறைவு. அந்த எண்ணிலிருந்து நேரே வெப்பநிலை காண ஸ்பெயின்காரர் பாலெஸ்டரோஸ் 2012 இல் ஒரு சின்னச் சூத்திரம் கொடுத்திருக்கிறார், போன் கல்குலேற்றரிலேயே போடலாம்.

படம் எடுக்கிறவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ரோ படமாக எடுக்கவேண்டும், ஜேபெக் கூடாது. ஜேபெக்கில் கமரா தன் விருப்பத்துக்கு நிறம் பூசிவிடும், பிறகு அளக்கிறது நட்சத்திரத்தையல்ல, கம்பெனிக்காரனின் ரசனையை. ஐ.எஸ்.ஓ. 400, எஃப் 4, பத்து செக்கன். குவியத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கலைத்துவிடுங்கள். கூர்மையாக எடுத்தால் நடுப்புள்ளி நிரம்பி வழிந்துவிடும், எண்ணுக்குப் பெறுமதி இல்லை. கூர்மைக்காகவே வாழ்க்கை முழுக்க மாரடித்த எனக்கு, வேண்டுமென்று படத்தைக் கலைக்கக் கை கூசியது. நட்சத்திரம் சின்னத் தட்டுப் போல விழும். அந்தத் தட்டுக்குள் நீலம் எவ்வளவு, பச்சை எவ்வளவு என்று கூட்டி, பக்கத்து வெறும் வானத்தின் அளவைக் கழியுங்கள். உங்கள் கமராவின் நீலமும் பச்சையும் வானியலாளரின் வடிகட்டிகள் அல்ல. ஆகவே எண் தெரிந்த நான்கு நட்சத்திரங்களை வைத்து வரைபுத் தாளில் ஒரு கோடு கீறவேண்டும். நாங்கள் எடுத்தவை சிரியஸ், புரோசியன், பொலக்ஸ், ரோகிணி. கோடு நேராக வந்தபோது பிள்ளை அந்தத் தாளைக் கடைச் சுவரில் ஒட்டிவிட்டாள். மாதிரி அல்பங்களுக்குப் பக்கத்தில் இப்போதும் இருக்கிறது. பார்க்கிறவர்கள் என்ன விலைப்பட்டியலோ என்று கேட்கிறார்கள்.

அந்தக் கோட்டில் திருவாதிரை 1.80 இல் விழுந்தது, சூத்திரப்படி 3,400 கெல்வின் மட்டில். புத்தகங்கள் 3,500, 3,600 என்கின்றன. வயல் வரம்பில் நின்று எடுத்ததற்கு இது போதும் என்பது என் எண்ணம். பல்ப் இழை செய்கிற தங்குதன் 3,695 கெல்வினில்தான் உருகும். திருவாதிரையின் மேற்பரப்பில் ஒரு பல்ப் இழையைப் போட்டால் உருகாமல் தப்பும், மயிரிழையில். மாமாவுக்கு இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அவர் சாந்தமாத்தான் இருக்கிறார்," என்றார். அவரோடு நான் வாதாடப் போவதில்லை.

அகத்தியர் என்று பழைய ஆட்கள் சொல்கிற கனோபஸ் எங்களை ஏமாற்றிவிட்டது. தெற்கே 28 பாகை உயரத்துக்கு மேல் அது எங்களுக்கு எழும்பாது. 7,400 கெல்வின் வரவேண்டிய இடத்தில் 5,900 வந்தது. அவ்வளவு தாழ்வான இடத்தில் காற்றுப் படலம் இரண்டு மடங்குக்கும் மேல், நீலத்தைத் தின்றுவிடும், அந்திச் சூரியன் சிவக்கிற அதே காரணம். ஆனாலும் 1,500 குறைய அது மட்டும் போதுமா? படங்களைத் திருப்பிப் பார்த்தால், ஒன்றுக்கொன்று எண் மாறுகிறது. பிறகுதான் பிடிபட்டது. பரணடியில் பன்றிக்கு மூட்டின நெருப்பின் புகை தெற்குப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்த கிழமை புகையில்லாத பக்கம் நின்று, சிரியஸ் மேற்கே சரிந்து அதே 28 பாகைக்கு இறங்கும்வரை காத்திருந்து இரண்டையும் ஒப்பிட்டோம். 7,100 வந்தது. நடுச்சாமம் கழிந்து வீட்டுக்குப் போய் மனிசியிடம் ஏச்சு வாங்கினோம்.

இனி நீல நட்சத்திரங்கள். இங்கேதான் எனக்கு 58,000 ரூபாய்க்கு நியாயம் கிடைத்தது. திருவாதிரைக்குப் பக்கத்தில் பெல்லாட்ரிக்ஸ் இருக்கிறது, 22,000 கெல்வின். நிறத்தால் அளந்தால் எங்களுக்கு வந்தது 13,000. ரைஜல் 12,000 ஆக இருக்கவேண்டும், வந்தது 10,400. எத்தனை முறை எடுத்தாலும் அப்படித்தான். காரணம் கமராவில் இல்லை. அவ்வளவு சூடு ஏறிவிட்டால், கண்ணுக்குத் தெரிகிற துண்டில் ஒளியின் சரிவு கிட்டத்தட்ட ஒரே வடிவாகிவிடும். 15,000 ஆனாலென்ன 25,000 ஆனாலென்ன, பார்க்க ஒரே நீல வெள்ளை. மாறுவது எல்லாம் புற ஊதாவில். பிள்ளை கணக்கிட்டுக் காட்டினாள்: பி கழித்தல் வி எண்ணில் 0.05 பிழை விட்டால் திருவாதிரையில் 60 கெல்வின் பிசகும், பெல்லாட்ரிக்சில் அதே பிழைக்கு 1,200 பிசகும்.

அப்போது மூடியைத் திரும்ப மாட்டினோம். இந்தமுறை உச்சத்தைத் தேடவில்லை, பட்டைக்குள் விழுகிற கறுப்புக் கோடுகளைத் தேடினோம். முக்காலியை அசைக்காமல், பட்டை வடக்குத் தெற்காக விழும்படி மூடியைத் திருப்பி, முப்பது செக்கன் திறந்து வையுங்கள். பூமி சுழல, நட்சத்திரம் தானாக மேற்கே நகரும். நூல் போலிருந்த பட்டை 25 புள்ளி அகலத்துக்கு நாடா மாதிரி விரியும். கோடுகள் அதற்குக் குறுக்கே நிற்கும். சிரியசில் ஐதரசன் கோடுகள் 486, 434, 410 நானோமீற்றர்களில் வேலிக் கதியால் நட்டமாதிரி நிற்கின்றன, பிள்ளை கத்தியேவிட்டாள். பெல்லாட்ரிக்சில் அதே இடங்களில் அதே கோடுகள், ஆனால் மெலிந்துபோய். திருவாதிரையில் ஐதரசன் இருந்ததாகவே தெரியவில்லை. பதிலுக்கு மஞ்சளிலும் சிவப்பிலும் அகலமான இருட்டுப் பட்டிகள். தைத்தேனியம் ஒட்சைட்டு. அவ்வளவு குளிரில்தான் அந்த மூலக்கூறு உடையாமல் இருக்குமாம்.

ஐதரசன் கோடு ஆகத் தடிப்பது 10,000 கெல்வினை அண்டித்தான். அதற்குக் கீழேயும் மெலியும், மேலேயும் மெலியும். ஏனென்று 1920 இல் கணக்கோடு சொன்னவர் டாக்காவுக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் பிறந்த மேக்நாத் சாகா. சூடு கூடினால் அணு இலத்திரனை இழக்கும், எத்தனை அணு எந்தச் சூட்டில் இழக்கும் என்பதற்கு அவர் ஒரு சமன்பாடு கொடுத்தார். அதற்கு முன்னமே ஹாவர்ட்டில் ஆனி ஜம்ப் கனன் லட்சக்கணக்கான பட்டைகளைக் கண்ணால் பார்த்து ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்று வரிசைப்படுத்தி வைத்திருந்தார். அந்த வரிசை வெப்பநிலை வரிசைதான் என்பது சாகாவின் சமன்பாட்டுக்குப் பிறகு கணக்காகவே நின்றது. எங்களுடைய மூன்று பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிறம் கைவிட்ட இடத்தில் கோடு பிடித்துக்கொள்கிறது. பெல்லாட்ரிக்ஸ் சிரியசை விடச் சூடு என்று சந்தேகமில்லாமல் சொல்லலாம். எவ்வளவு சூடு என்று சொல்ல எங்களால் இன்னும் முடியவில்லை.

ஆகவே வாங்கலாமா? நட்சத்திரத்தின் நிறத்தைப் பார்த்துச் சூடு சொல்வது மட்டும்தான் நோக்கம் என்றால் வேண்டாம். ரோ படம் எடுக்கிற பழைய கமராவும் ஒரு முக்காலியும் போதும், காசு மிச்சம். உயர்தரப் பிள்ளையோ பௌதிகவியல் படிப்பிக்கிற ஆசிரியரோ என்றால், கோடுகளுக்காக வாங்குங்கள். பள்ளிக்கூடம் ஒன்று பத்து வருசம் வைத்துப் பாவிக்கலாம். செய்முறைத் தாளை வீசிவிடுங்கள். கண்ணாடிக்கு ஐந்துக்கு நாலரை தருவேன், தாளுக்குப் பூச்சியம், விற்ற கடைக்கு ஒன்று. இடைவளையத்துக்குத் தனியாகக் காசு கட்டாதீர்கள், லென்ஸ் மூடியை வெட்டி ஒட்டினாலே போதும்.

அடுத்தது கேட்டை. வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் நேரம், இரவிரவாக மேலே நிற்கும். எங்களிடம் இருப்பது ஒரே ஒரு நல்ல கமரா. பொங்கலுக்குப் படம் எடுக்க எனக்கு ஓடர் வந்திருக்கிறது, பிள்ளையோ அதே கமராவை அதே இரவுக்குக் கேட்டு நிற்கிறாள்.